வேறெதுவும் தொடவில்லை

காற்றுத் துப்பாக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. சத்தம் கிடையாது, புகை கிடையாது. குண்டு முன்புபோலவே போகும். கொஞ்சம் சோம்பலாகப் போகும், அவ்வளவுதான். உடைந்த இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு, பாகம் பிரித்த பிறகும் ஒரே வீட்டில் குடியிருக்கிற அண்ணன் தம்பி மாதிரி, முகம் பார்க்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் மாதக்கணக்கில் அதை வைத்தே சுட்டுக்கொண்டிருப்பார். ஸ்பிரிங்காரர் கையில் கொடுத்தால் மட்டும் தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். சின்ன வயதில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் கம்பி சுற்றினார். அப்போது பொருட்காட்சியில் பலூன் சுடும் கடை வைத்திருந்த ஒருவர், குண்டு பலூனைத் தொட்டுவிட்டுச் சும்மா கீழே விழுகிறது என்று நான்கு துப்பாக்கிகளைக் கொண்டுவந்து போட்டார். கடைக்காரர் இரவெல்லாம் அவற்றை ஸ்பிரிங் ஏற்றியபடியே வைத்துவிட்டுத் தூங்கப் போவார் என்பது விசாரித்தபோது தெரிந்தது. ராத்திரி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் காலையில் பலம் இருக்கும். அந்த நான்கில் தொடங்கியது, முப்பது வருடமாகிவிட்டது. இப்போது ஊரின் துப்பாக்கிச் சங்கத்தில் இருக்கும் அத்தனை காற்றுத் துப்பாக்கியும் அவர் கைக்கு வந்துதான் போகும். அவருக்கு மட்டும் சுட வராது. பழுது பார்த்ததைச் சோதிக்க, பழைய துணி அடைத்த பெட்டியை ஒரு முழ தூரத்தில் வைத்துச் சுடுவார். அதற்குக் குறி பார்க்க வேண்டியதில்லை.

மாடியில் வீடு, கீழே பட்டறை. பட்டறை என்றால் ஜன்னலோரம் ஒரு நீளமேசை, அதன்மேல் துப்பாக்கியைப் படுக்க வைத்து ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப், கிரீஸ் டப்பா, சுவர் ஆணிகளில் நீளவாரியாகப் புது ஸ்பிரிங்குகள். அடுத்த கதவு முடிதிருத்தும் கடை.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. வேலை முடிந்த துப்பாக்கியின் விசை வளையத்தில் ஒரு சீட்டு கட்டுவார்: என்ன செய்தேன், எதை மாற்றினேன் என்று. அது வாடிக்கையாளருக்கு. இன்னொன்று, துப்பாக்கியின் இரும்பைத் தாங்கும் மரக்கட்டையைக் கழற்றியதும் அதன் உள்பள்ளத்தில், இரும்பு உட்கார்ந்தால் மறைந்துவிடும் இடத்தில், பென்சிலால் தேதியும் ஒரு வரியும் எழுதுவார். அது அடுத்து திறக்கப்போகிறவனுக்கு. அந்த அடுத்தவன் எப்போதும் அவரேதான் என்பதால் அங்கே கொஞ்சம் மனம்விட்டே எழுதுவார். பொய் மட்டும் எழுதியதில்லை.

வீட்டுத் துப்பாக்கிக்குச் சீட்டு கட்டுவதில்லை. மாடியில் இருப்பவளுக்குச் சீட்டு எதற்கு என்பது அவர் நினைப்பு.

வீட்டுத் துப்பாக்கி அவருடைய மனைவியுடையது. பள்ளிக்கூட ரசாயன ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். சொட்டுச் சொட்டாக அமிலத்தை இறக்கி, நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்தத் தெரிந்த கை. சங்கத்தில் இருபத்தொரு வருடமாகச் சுடுகிறாள். ஒவ்வொரு வருடமும் இலக்கு அட்டைகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து முதல் ஆறு பேரை இறுதிப் போட்டிக்கு எடுப்பார்கள். அவள் ஏழாவதாக வருவாள், இல்லையென்றால் எட்டு. ஒரு தடவை அரைப் புள்ளியில் ஏழு. ஆறு பேரும் சுடும்போது பின்னால் உட்கார்ந்து மற்றவர்களின் அட்டையை எண்ணிக் கொடுப்பது அவள் வேலையாகிவிட்டது. இந்த வருடம் நான்கு மாதமாக எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. சங்கத்தில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். நன்றாகத் தூங்குகிறேன் என்றாள். நான்காவதாக உள்ளே நுழைந்தாள்.

போட்டிக்கு நான்கு நாள் முன்னால், புதன்கிழமை சாயங்காலம், துப்பாக்கியை மேசையில் வைத்தாள்.

"என்னங்க, முன்பக்க ஸ்க்ரூ ஒண்ணு ஆடுது. இறுக்கி வைங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லா இருக்கு. எதையும் நோண்டாதீங்க."

திருகாணியை இறுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையோடு கையாகக் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றிப் பார்த்தார். பாதி வழியில் உள்ளே மணலை மென்றதுபோல ஒரு நறநறப்பு. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். அது வாத்தியார் காதில் விழும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நோண்டாதே என்று அவள் சொன்னது நல்ல துப்பாக்கியை, உடைந்த துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, கட்டையைக் கழற்றினார்.

ஸ்பிரிங் இரண்டாக இருந்தது. கடைசி முனையிலிருந்து நாலாவது வளையத்தில் முறிந்து, சின்னத் துண்டு பெரிய துண்டுக்குள் இரண்டு சுற்று புகுந்திருந்தது. முறிந்த முகங்கள் ஒன்றை ஒன்று உரசி உரசிப் பளபளவென்று ஆகியிருந்தன. நாலு மாசம் இருக்கும் என்று வாய்விட்டே சொன்னார். எந்த நாலு மாதம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

இருப்பதில் நல்ல ஸ்பிரிங்கை எடுத்தார். முனைகளை உப்புத்தாளில் தேய்த்து, கிரீஸ் பூசி, கிளாம்பில் அழுத்தி உட்கார வைத்தார். கட்டையின் உள்ளே எழுதினார்: 'ஸ்பிரிங் உடைந்திருந்தது. மாற்றியாயிற்று. அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.' பெட்டிக்குள் சுட்டுப் பார்த்தபோது துப்பாக்கி புதுப்பெண் மாதிரி மிடுக்காகக் குரல் கொடுத்தது. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்து வந்து, 'கன்னு இன்னைக்கு என்னமோ நல்லா இருந்துச்சுங்க' என்று அவளாகவே சொல்லவேண்டும். அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது சாதாரணமாக நடக்கிற காரியம் அல்ல. வரும்போது காதைக் கழுவி வைத்துக்கொள்ளவேண்டும்.

மறுநாள் உடைந்த துண்டுகள் முடிதிருத்துகிறவரிடம் போய்ச் சேர்ந்தன. அவருடைய கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் பின்னாலிருக்கும் நிலைக்கண்ணாடியில் இடித்துக்கொண்டிருந்தது. பெரிய துண்டைக் கதவுக்குப் பின்னால் சுவரோடு கம்பி வைத்துக் கட்டியதும் இடி நின்றது. சின்னத் துண்டின் வளையங்களுக்கு நடுவே அவர் சீப்புகளைச் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவள் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் நேரே மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் பின்னாலேயே ஏறினார். இலக்கு அட்டைகள் சாப்பாட்டு மேசையில் குப்புறக் கிடந்தன. அவள் உட்கார்ந்து வலது கையை மேசைக்கு மேலே நீட்டி, விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னு எப்படி இருந்துச்சு?" என்றார்.

"கன்னுக்கு என்ன. கைதான் சரியில்ல."

அவர் ஒரு அட்டையைத் திருப்பினார். அம்மை போட்டதுபோல் ஓட்டைகள் எங்கும் சிதறியிருந்தன.

"காலைல லேப்ல ஒரு குடுவைய எடுத்து வச்சேன். டக்குனு சத்தம் வந்துச்சு. அப்போ ஒண்ணும் நினைக்கல. இப்போ யோசிச்சா அப்பவே கை ஆடியிருக்கு," என்றாள். "அம்பத்து நாலாச்சுல்ல. செயலாளர்கிட்ட பேரை எடுத்துடச் சொல்லிடலாம்னு இருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்காம். ஏழாவதா வந்தவருக்குச் சொல்லி அனுப்பணுமே, பாவம்."

இருபத்தொரு வருடம் ஏழாவதாக இருந்தவள், ஏழாவதாக வந்தவருக்குப் பாவம் பார்க்கிறாள். ஸ்பிரிங்காரருக்கு அப்போதுதான் நாலு மாதக் கணக்கு விளங்கியது. எண்கள் ஏறத் தொடங்கிய அதே நாலு மாதம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி வேறு யாருமல்ல. பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, வயது பழியை வாங்கிக்கொள்ளும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணம் தன்னுடையதுதானா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

"கை நல்லாத்தாம்மா இருக்கு," என்றார். "நான் ஸ்பிரிங்கை மாத்திட்டேன்."

அவள் கையை இறக்கவில்லை. "எப்போ?"

"புதன்கிழமை."

"நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"ஸ்க்ரூவை இறுக்கச் சொன்ன."

"அப்புறம்?"

"நோண்டாதேன்னு சொன்ன."

"நோண்டினீங்க."

"உடைஞ்சிருந்துச்சும்மா. ரெண்டு துண்டா."

அவள் மறுபடி விரல்களைப் பார்த்தாள். இந்தத் தடவை வேறு மாதிரி, ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல. "அப்போ கை ஆடலையா?"

"ஆடல. குடுவை சத்தம் போட்டா அது குடுவையோட பிரச்சினை."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"சைட்டை ரெண்டு கிளிக் இறக்கிக்கோ, சரியாப் போயிடும்," என்றார் அவர்.

"நாலு இறக்கிட்டேன். குண்டு மேல போறது நின்னுச்சு. ஆனா தோள்ல உதைக்குது. குண்டு போனதுக்கப்புறமும் துள்ளுது. எந்த இடத்துல மூச்சை நிறுத்தணும்னே தெரியல. யாரோ புது ஆளு கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கற மாதிரி இருக்கு. உடைஞ்சதையே திரும்பப் போட்டுடுங்க."

"உடைஞ்சதையா?"

"அதைத்தான்."

"முப்பது வருஷத்துல உடைஞ்சதை எடுத்து உள்ள போட்டதில்ல. நாளைக்கு வெளிய தெரிஞ்சா, ஸ்பிரிங்காரன் பொண்டாட்டி உடைஞ்ச ஸ்பிரிங்ல சுடுறான்னு…"

"போட்டி எனக்கா, உங்களுக்கா?"

அவள் குரலை உயர்த்திக் கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலத்தை மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தார். அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நறநறப்புக் கேட்டபோது முகம் சிவந்தது எதற்காக? அவள் தோற்றுவிடுவாளே என்றா? ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று சுடுகிறவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு என்ன நினைப்பார் என்று. பழுது துப்பாக்கியில் இருந்தது. சரிசெய்யப்பட்டது அவருடைய கௌரவம். உதவி என்று நாம் பெயர் வைக்கிற காரியங்களில் எத்தனை இந்த வகையோ, திறந்து பார்த்தால்தான் தெரியும்.

"சரி," என்றார்.

"துண்டெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு. ஒண்ணு கதவுக்குப் பின்னாடி. இன்னொண்ணுல சீப்பு இருக்கு."

சனிக்கிழமை காலையில் புது ஸ்பிரிங்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். நாற்காலியில் ஒருவர் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலை நிறுத்தினார்.

"குடுத்த பொருளைத் திருப்பிக் கேக்கற ஆளு நீங்க இல்லையேண்ணே."

"கேக்க வேண்டியதாப் போச்சு தம்பி."

"ரெண்டு நாளாத்தான் அந்தக் கண்ணாடி நிம்மதியா இருக்கு. அது மாமனார் வாங்கிக் குடுத்தது. உடைஞ்சா என் பொண்டாட்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"அதுக்குப் பதிலா இதை வச்சுக்கோ."

முடிதிருத்துகிறவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது புதுசுண்ணே."

"புதுசுதான்."

"அப்போ உடைஞ்சது கன்னுக்கு, புதுசு கதவுக்கு. இத்தனை வருஷமாப் பக்கத்துல இருக்கேன், உங்க தொழில் எனக்கு இன்னும் பிடிபடல."

"எனக்கும் நேத்துல இருந்துதான் பிடிபடல."

நாற்காலிக்காரர் கண்ணாடி வழியாகவே சொன்னார்: "உங்க வழக்கு முடிஞ்சா சரி. வெட்டின முடியைத் திருப்பி ஒட்டுங்கன்னு மட்டும் என் தலையில ஆரம்பிச்சிடாதீங்க."

சீப்புகளை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, கதவுக்குப் புதிதைக் கட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு துண்டுகளோடு திரும்பினார். அவள் பட்டறையில் காத்திருந்தாள். ஸ்பிரிங் வேலைக்கு அவள் கூட நின்றதே கிடையாது. கழற்றிய மரக்கட்டையை அவள் கையில் கொடுத்து, ஓரமாகப் பிடித்துக்கொள் என்றார்.

துண்டுகளைச் சேர்ப்பது லேசான வேலையாக இல்லை. எந்தப் பளபளப்பு எந்தப் பளபளப்போடு உரசியது என்று பார்த்து, அதே முகங்கள் சந்திக்கும்படி திருகவேண்டும். ஒரு கால் சுற்று தவறினாலும் அது வேறொரு ஸ்பிரிங். மூன்று தடவை கழற்றி மாட்டினார். ஒரு நல்ல ஸ்பிரிங்குக்கும் இவ்வளவு மரியாதை செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். கிளாம்பின் பிடியைச் சுற்றி அழுத்தும்போது பின்னால் சத்தமே இல்லாததைக் கவனித்துத் திரும்பினார்.

அவள் ஜன்னலோரம் கட்டையைச் சாய்த்துப் பிடித்து உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வருடப் பென்சில்.

மேலேயிருந்து முதல் வரி அவள் முதன்முதலாகக் கடைக்கு வந்த நாளுடையது: 'ஸ்பிரிங் புதிது. ஆய்வுக்கூட அம்மா. சிரிக்கமாட்டார் போலிருக்கிறது.' அடுத்தது ஏழு வாரம் கழித்து: 'ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை.' பிறகு பதினைந்தே நாளில்: 'இன்றும் ஒரு பழுதும் இல்லை. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.' கொஞ்சம் தள்ளி, அழுத்தி எழுதியது: 'இனி கூலி கேட்க முடியாது.' அதற்குக் கீழே, 'மகள் பிறந்து ஒன்பதாம் நாள். பிஸ்டன் தோல் மாற்றியது. கை நடுக்கம் எனக்குத்தான்.'

"பழுதில்லன்னு அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"மடக்கினதும் தெரியுமே."

"தெரிஞ்சும் நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பினீங்க."

"நீ தெரிஞ்சும் கொண்டு வந்தியே."

அவள் கட்டையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். "'அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.' நல்லா இருக்கு. கட்டைகிட்ட சொல்லத் தெரிஞ்சிருக்கு."

அவர் ஸ்பிரிங்கை உட்கார வைத்துவிட்டு, கட்டையை வாங்கி அந்த வரிக்குக் கீழே பென்சிலால் எழுதினார்: 'உடைந்ததே திரும்பப் போட்டது. உரிமையாளர் விருப்பம்.' ஒரு கணம் யோசித்து, 'அதுவே சரி' என்று சேர்த்தார். பிறகு கிரீஸ் கையைக் கழுவப் பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது அவள் பென்சிலை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். இரும்பு கட்டைக்குள் உட்கார்ந்திருந்தது. திருகாணிகளை அவளே போட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் சங்கத்துக்குப் போய் இருபது குண்டு சுட்டாள். குறி பார்க்கும் சைட்டை நாலு கிளிக் ஏற்றிப் பழைய இடத்தில் வைத்தாள். செயலாளரைப் பார்த்தபோது பெயரை எடுப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர், ஆளுக்கு நாற்பது குண்டு. ஸ்பிரிங்காரர் பின்வரிசையில், இத்தனை வருடம் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற ஐந்தும் டப், டப் என்றன. அவளுடையது மட்டும் பூனை மேசையிலிருந்து குதித்ததுபோல ஒரு சின்னச் சத்தம் போட்டது. ஐந்து துப்பாக்கியும் அவர் கைவேலை. காதில் விழும் ஒவ்வொரு மிடுக்கும் அவருக்குப் பெருமை. ஆனால் அன்று அந்த ஆறாவதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும், இன்னும் ஒரு தடவை தாங்கு என்று வாய்க்குள் சொன்னார். நல்ல ஸ்பிரிங்கிடம் அவர் இப்படிக் கெஞ்சியதே இல்லை.

தாங்கியது. மூன்றாவதாக வந்தாள். முதல் பரிசு வழக்கம்போல் பல் டாக்டருக்கு. மூன்றாம் பரிசுக் கோப்பைக்குள் ஒரு எலுமிச்சம்பழம் நிற்கும், இரண்டு வைத்தால் விழும்.

பல் டாக்டர் நேரே ஸ்பிரிங்காரரிடம் வந்தார். "அம்மா கன்னு உதைக்கவே மாட்டேங்குதே சார். பஞ்சு மாதிரி போகுது. என்ன ஸ்பிரிங் அது? எனக்கும் அதையே போட்டுக் குடுங்க."

அவள் கோப்பையின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது உடைஞ்ச ஸ்பிரிங் டாக்டர்," என்றார் ஸ்பிரிங்காரர்.

பல் டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க சார். தொழில் ரகசியம், புரியுது."

வீட்டுக்கு நடக்கும்போது அவள் துப்பாக்கிப் பையையும் அவர் கோப்பையையும் எடுத்துவந்தார்கள். பாதி வழி வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

"உள்ள என்ன எழுதின?"

"திறந்தா தெரியும்."

"எப்போ திறக்கறது?"

"நான் சொல்லும்போது."

அவர் தலையாட்டினார். தெருமுனை திரும்பும்போது அவளாகவே சொன்னாள்: "கன்னு இன்னைக்கு நல்லா இருந்துச்சுங்க." அவர் கோப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் புதன்கிழமை துப்பாக்கி மறுபடி மேசைக்கு வந்தது.

"அதே ஸ்க்ரூ," என்றாள். "நான் போட்டது, சரியா ஏறல போல. அதை மட்டும்."

அவள் மாடிக்குப் போனபிறகு அவர் திருப்புளியை எடுத்தார். அந்தத் திருகாணியை இடப்பக்கமாக ஆறு சுற்று சுற்றினால் போதும், மற்ற இரண்டையும் அதேபோல எடுத்தால் கட்டை கையோடு வந்துவிடும். அடுத்த கடையில் கதவு திறந்து, கண்ணாடியில் இடிக்காமல் மெல்லத் திரும்பியது. அவர் திருகாணியை வலப்பக்கம் சுற்றினார். அது நிற்கிற இடத்தில் நின்றது. பிறகு இழுப்பறையைத் திறந்து, வாடிக்கையாளர்களுக்குக் கட்டும் சீட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு எழுதி, விசை வளையத்தில் நூலால் முடிந்தார்.

'முன்பக்கத் திருகாணி இறுக்கியது. வேறெதுவும் தொடவில்லை.'